எல்லா வரியிலும் சுதர்சன்

நேற்று கூரியரில் ஒரு லேப்டாப் வந்தது. நம் பழைய ஆபீஸ் அனுப்பியது. பெட்டியைப் பிரித்ததுமே அந்த மாடியின் வாசனை வந்துவிட்டது. ஈரக் கார்பெட்டும் எலுமிச்சை ரூம் ஸ்பிரேயும் கலந்த வாசனை, உனக்கு நினைவிருக்கும். ஜன்னல் திறக்காத அறையில் எலுமிச்சை அடித்தால் அது தோட்டமாகிவிடும் என்று யாரோ அவர்களை நம்பவைத்திருந்தார்கள். பொம்மனஹள்ளியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தேன். விண்டோஸ் மெஷின். அவர்களிடம் வேறு என்ன இருக்கும்?

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, நீ எழுதிய மென்பொருளின் கோடு முழுவதையும் இறக்கினேன். ஒரு கோப்பில் ஒரு வரியை மாற்றி, கிட் என்ற மென்பொருளிடம் ஒப்படைத்தேன். உடனே அது எச்சரித்தது. இந்தக் கோப்பின் வரி முடிவுகள் மாற்றப்படும் என்றது. வேலை தெரிந்தவர்கள்கூடப் படிக்காமல் தாண்டிப் போகும் செய்தி அது. எனக்குக் கை ஓடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனேன்.

இறந்துபோன சிநேகிதியை நினைத்தால் அவள் சிரிப்போ அவள் கட்டிய புடவையோ முதலில் வர வேண்டும். எனக்கு உன்னோடு சேர்ந்து வருவது வரிக் கடைசியில் நிற்கும், கண்ணுக்கே தெரியாத ஒரு குறி. அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. உன்னை நிம்மதியாக நினைத்து அழக்கூட விடாமல் செய்துவிட்டார்கள்.

நம் டீமில் ஆளுக்கொரு மெஷின். என்னிடம் இருந்தது மேக். அதற்கு முந்தைய வேலைக்காகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். உன்னுடையது எஸ்.பி. ரோட்டில் யாரோ பயன்படுத்தி விற்றதை வாங்கி, லினக்ஸ் போட்டு நீயே ஓட்டிக்கொண்டிருந்தது. சுதர்சன் நமக்கு லீட். அவனிடம் ஆபீஸ் கொடுத்த புது விண்டோஸ் லேப்டாப். எல்லோரும் எழுதுவது ஒரே இடத்தில் சேர வேண்டும், கிட் அதைச் சேர்த்துவைக்கும், எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று நினைவும் வைத்திருக்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மாற்றாத கோப்பையெல்லாம் மாற்றியதாக கிட் சொல்கிறது என்று உன்னிடம் புலம்பினேன். நீ டைப்ரைட்டரை வைத்து விளக்கினாய். மர்பி டவுனில் உங்கள் தெரு முனையில் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் இருந்ததாம். வரி முடிந்ததும் வண்டியைத் தள்ளுவது ஒரு வேலை, தாளை ஏற்றுவது இன்னொரு வேலை. விண்டோஸ் இரண்டுக்கும் இரண்டு குறி போடும். லினக்ஸும் மேக்கும் ஒரே குறியில் முடித்துக்கொள்ளும். மனிதர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் கிட்டுக்கு ஒரு குறி கூடினாலும் அது வேறு வரி. "மெஷினு எதுவா வேணா இருக்கட்டும்டி, வரி ஒரே மாதிரி முடியணும், அவ்ளோதான்" என்றாய். அதற்கப்புறம் எனக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

நாம் செய்த வேலை டயாலிசிஸ் மையங்களுக்கு. எந்த நோயாளி எந்த நேரத்துக்கு எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று முறை போடும் மென்பொருள். அதில் சிக்கலான பகுதி ஒன்றுதான். நடுவில் ஒரு மெஷின் நின்றுபோனால் யாரை உட்காரவைப்பது, யாரை நாளைக்கு வரச் சொல்வது? அதை உன்னிடம் தள்ளிவிட்டார்கள். நீ இங்கிருந்தே எழுதிக் கொடுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். லீவு போட்டுவிட்டு ஒரு மையத்துக்குப் போய் முழுப் பகலும் அந்த ஹாலில் உட்கார்ந்துவிட்டு வந்தாய்.

மறுநாள் கேண்டீனில் நீ தோசையைத் தொடவில்லை. சந்தாபுராவுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த ஓர் அம்மாவை, மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறாய். அந்த அம்மா சண்டை போடவில்லையாம். கால் வீங்கிப்போயிருந்ததால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததாம். அடுத்த தெருவிலிருந்து ஆட்டோவில் வந்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். "வந்த வரிசையில பாத்தா சரிதான். ஆனா அது இன்னா வரிசைடி?" என்று கேட்டாய். டாக்டர் அவசரம் என்று குறித்தவர்கள் முதலில், போன முறை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்து, பிறகு தூரத்திலிருந்து வருகிறவர்கள். மருத்துவர்களிடம் அலைந்து ஒப்புதல் வாங்கி, இதை நீதான் எழுதினாய். இன்றைக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சுதர்சனுக்கு நீ அனுப்பிய சின்னக் கோப்பையும் சொல்ல வேண்டும். யார் எந்த மெஷினில் எழுதினாலும் பொது இடத்தில் சேரும்போது வரிகள் ஒரே மாதிரி முடியட்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் கோப்பு. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை. அவன் ஒரு பட்டனை அழுத்தி ஒப்புக்கொண்டால் போதும். அது அப்படியே கிடந்தது. நீ ஞாபகப்படுத்தினாய். நானும் ஞாபகப்படுத்தினேன். கடைசியில் அவன் சிரித்துக்கொண்டே, எல்லோருக்கும் விண்டோஸ் கொடுத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காது, நீங்கள் எதற்கு அந்தப் பழைய டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் டப்பா மூடியில் ஓரம் உடைந்து செலோடேப் ஒட்டியிருந்தது, அதை அன்று கையால் மூடிக்கொண்டாய்.

பிறகு அவன் லேப்டாப் ரிப்பேராகி, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். அவன் ஒரு அமைப்பையும் சரிபார்க்கவில்லை. எழுதும் மென்பொருள் எல்லாக் கோப்பையும் விண்டோஸ் வழக்கப்படி மாற்றிச் சேமித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரே வாரலாக வாரி உள்ளே தள்ளி, சின்னச் சின்னத் திருத்தங்கள் என்று ஒரு குறிப்பும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் உண்மையில் திருத்தியது ஒரு தலைப்பின் நிறத்தை.

மறுநாள் காலையில் மையங்களில் மென்பொருள் எழுந்திருக்கவில்லை. அங்கே ஓடும் சர்வர் லினக்ஸ். அதைத் தொடங்கும் கோப்பின் முதல் வரிக் கடைசியில் அந்தக் கூடுதல் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு நிரலே இல்லை என்று அது கைவிரித்துவிட்டது. விடுமுறை நாளில் நீதான் வந்தாய். அந்த ஒரு கோப்பை மட்டும் சரிசெய்து ஓடவைத்தாய். மற்றவை ஓடும், திங்கட்கிழமை அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாய். சுதர்சன் போனை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை, எந்த வரியை யார் எழுதினார்கள் என்று காட்டும் கட்டளையை நீ அடித்தாய். என்னை முதுகில் தட்டிக் கூப்பிட்டாய். திரையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை சுதர்சன், சுதர்சன், சுதர்சன். உன் கோப்பு, என் கோப்பு, எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் கோப்பு, எல்லா வரியிலும் அவன் பெயர். "குரு ஒரே நாள்ல மொத்தத்தையும் எழுதிட்டாருடி" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவனும் வந்து எட்டிப் பார்த்து, ஐயோ ஸாரிங்க என்று சொல்லிவிட்டு நம்மோடு சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு அது வெறும் தமாஷ்.

நான்தான் அதைத் திருப்பிவிடு என்று சொன்னேன். ரிவர்ட் அடித்தால் கோப்புகள் பழையபடி ஆகிவிடும். நீ ஒத்துக்கொள்ளவில்லை. நீ திருப்பினால் எல்லோருடைய வரியும் உன் பெயரில் வந்துவிடுமாம். "அவன் தெரியாம எடுத்துக்கினான். நான் தெரிஞ்சே எடுத்துக்கணுமா?" என்றாய். வரலாற்றிலிருந்தே அதை வெட்டி எடுக்கவும் முடியாது, அதன் மேல் மற்றவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நீ வேறு வழி கண்டுபிடித்தாய். வெள்ளிக்கிழமை அவன் உள்ளே தள்ளிய இந்த ஒரு கமிட்டைக் கணக்கில் எடுக்காதே என்று கிட்டுக்குச் சொல்ல ஒரு கோப்பு உண்டு. அதில் அந்தக் கமிட்டின் அடையாளத்தை ஒரு வரியில் எழுதினால் போதும், எல்லோருடைய பெயரும் அவரவர் வரிக்குத் திரும்பிவிடும். எழுதி சுதர்சனின் ஒப்புதலுக்கு அனுப்பினாய். முந்தைய கோப்புக்குப் பக்கத்தில் அதுவும் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குள் மருத்துவமனைக்காரர்கள் ஒப்பந்தத்தைக் குறைத்துவிட்டார்கள். டீமில் ஆள் குறைக்க வேண்டும். யாரை அனுப்புவது என்று யோசிக்க மேனேஜருக்குப் பொறுமை இல்லை. கோடில் யார் பங்கு எவ்வளவு என்று வட்டம் போட்டுக் காட்டும் ஒன்றை வாங்கி ஓடவிட்டார். வட்டம் கிட்டத்தட்ட முழுவதும் சுதர்சனின் நீல நிறம். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நானும் மற்றவர்களும் எழுதியது சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தது. நீ அந்த வாரங்களில் எழுதவில்லை, மையம் மையமாகப் போய் நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உன் துண்டு மயிரிழை போல இருந்தது, போக வேண்டியவள் நீதான் என்று முடிவாகிவிட்டது. நீ இத்தனை நாள் இங்கே என்ன செய்தாய் என்று ஹெச்ஆர் உன்னிடம் கேட்டாளாம். நீ பதில் சொல்லத் தொடங்கியதும் அவள் வட்டத்தை உன் பக்கம் திருப்பிக் காட்டினாளாம்.

நான் என் மேக்கைத் தூக்கிக்கொண்டு மேனேஜரின் அறைக்குப் போனேன். சுதர்சனும் அங்கே இருந்தான். முதலில் உன் கோப்பில், யார் எழுதியது என்று காட்டும் கட்டளையைச் சாதாரணமாக அடித்துக் காட்டினேன். எல்லாம் சுதர்சன். பிறகு கண்ணுக்குத் தெரியாத இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று கூடவே ஓர் எழுத்தைச் சேர்த்து அடித்தேன். இடது ஓரம் முழுவதும் உன் பெயராக மாறியது. மேனேஜர் முன்னால் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். புரியாத ஆளிடம் தோற்றிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அவர் சுதர்சனைப் பார்த்தார். "டெக்னிகலா அவங்க சொல்றது கரெக்ட்தான் சார்" என்றான் அவன். சொல்லிவிட்டு போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினான்.

"ரிப்போர்ட் மேல போய்ச் சேந்தாச்சும்மா. இப்ப மாத்தினா எல்லார் பேர்லயும் சந்தேகம் வரும்" என்றார் மேனேஜர். பிறகு, நான் நன்றாகப் பேசுகிறேன், என்னைப் போன்றவர்கள்தான் கிளையண்ட் முன்னால் நிற்க வேண்டும், என் இடத்துக்கு ஆபத்தில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார். என் அப்பா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதும், வீட்டில் கன்னடமும் இங்கிலீஷும் தடையில்லாமல் ஓடும் என்பதும் அவருக்குத் தெரியும். மர்பி டவுன் என்று நீ உன் ஏரியாவைச் சொன்னபோதெல்லாம், அங்கே யார் குடியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டதுபோல அவர் முகத்தில் ஒரு சின்ன நிதானம் வரும், அது எனக்குத் தெரியும். அன்று அவர் உன்னைப் பற்றித் தவறாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதற்குக் கூட உன்னைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

சாயங்காலம் ரோட்டோர டீக்கடையில் நின்றோம். நான் லேபர் ஆபீஸ், வக்கீல், மேலிடத்துக்கு மெயில் என்று எகிறிக்கொண்டிருந்தேன். நீ பன்னை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாய். "வுடுடி. பேஜாரா கீது. ஓடுது இல்ல, அது ஓடட்டும்" என்றாய். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு யார் எழுதியது என்று தெரிய வேண்டுமா என்ன என்று என்னையே கேட்டாய். எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. உன் பெருந்தன்மையை அவர்கள் வசதியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று கத்தினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். கடைசியில், பஸ் வருவதற்கு முன்னால், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நீ ஒன்று சொன்னாய். "எங்கப்பா தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு, ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல என் பேரு கீதுன்னு. அவர்கிட்ட இன்னா சொல்றது?" அப்போதுதான் உனக்கும் வலிக்கிறது என்று தெரிந்தது. அதை நீ அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன்.

அடுத்த வேலைக்கான நேர்முகங்களில் உன்னிடம் என்ன எழுதினாய் என்று கேட்டார்கள். காட்ட உனக்கு எதுவும் இல்லை. பழைய ஆபீஸைக் கேட்டால் அவர்கள் வட்டத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். கடைசியில் சந்தாபுரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. நீ எழுதத் தெரிந்தவள். அங்கே கம்ப்யூட்டர் பழுதானால் போய் நிமிர்த்துவது உன் வேலை. மர்பி டவுனிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் ஓசூர் ரோடு முழுக்கப் போய் வந்தாய். போன் பண்ணினால், தூசிதான் கொஞ்சம் ஜாஸ்தி, மத்தபடி பர்வாயில்ல என்பாய்.

மழை நாளில் சர்வீஸ் ரோட்டில் தண்ணீர் லாரி. உன் தம்பி போனில் சொன்னது அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமைக் கமிட்டுக்கும் இந்த லாரிக்கும் சம்பந்தமில்லை என்று என் புருஷன் சொல்கிறான். யாரும் எந்த ரோட்டிலும் போகலாம், மழை யாருக்கும் பெய்யும், உண்மைதான். ஆனால் அந்தக் காலை வேளையில் நீ அந்த ரோட்டில் இருந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டால் நான் சுதர்சனின் பெயரைத்தான் சொல்வேன். எழுதுகிற கோடில் இப்படித்தான் பின்னால் பின்னால் போய், எங்கே கோளாறு தொடங்கியது என்று தேடுகிறோம். மனுஷ வாழ்க்கையில் மட்டும் அப்படித் தேடக்கூடாதாம்.

உங்கள் வீட்டு முன்னறையில் புத்தர் படத்துக்கும் அம்பேத்கர் படத்துக்கும் கீழே உன்னை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தார்கள். உன் அப்பா அழவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், ஆஸ்பத்திரியில் முறை போடுகிற கம்ப்யூட்டரில் இருப்பது இவள் எழுதியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலை போனதை நீ அவரிடம் சொல்லவே இல்லை போலிருக்கிறது. வேறு பெரிய வேலைக்கு மாறிவிட்டதாகச் சொல்லியிருந்திருக்கிறாய். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீ அங்க கூட வேலை செஞ்சவதானேம்மா. அதுல அவ பேரு இருக்கும் இல்ல? அது அழியாதில்ல?"

இருக்கும் அங்கிள், அழியாது என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? இரண்டில் ஒன்றாவது உண்மை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கிட்டில் எதுவும் அழிவதில்லை. மேலே வேறு ஒருவர் பெயர் உட்கார்ந்துகொள்கிறது. அதை அவருக்கு எப்படி விளக்குவது?

நானும் அந்த ஆபீஸை விட்டு வந்தேன். வேறு ஊர் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறேன். அவர்கள் கதை முடிந்தது என்றுதான் இருந்தேன். போன வாரம் சுதர்சன் கூப்பிட்டான். மையங்களில் மெஷின்களைக் கூட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு புது நிபந்தனையை உன் கோப்பில் சொருகியிருக்கிறார்கள். மெஷின் நின்றால் ஒரே ஆட்களையே திரும்பத் திரும்ப வீட்டுக்கு அனுப்புகிறதாம். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அவங்க நம்பர் மாத்திட்டாங்களா? போகவே மாட்டேங்குது" என்று கேட்டான்.

உன் நம்பருக்கு அவன் போட்டுப் பார்த்திருக்கிறான். அந்தக் கோப்பில் எல்லா வரியிலும் அவன் பெயர்தானே இருக்கிறது, அவனே பார்க்க வேண்டியதுதானே என்றேன். அவன் சிரித்தான், பழைய தமாஷ் என்று நினைத்துக்கொண்டு. பிறகு, இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று உன்னைப் பற்றிக் கேட்டான். ஆமாம் என்றேன். நீ இறந்ததை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கேட்டு அவன் ஒரு நிமிஷம் வருத்தப்பட்டுவிட்டால் பிறகு அவனை வைய எனக்கு வாய் வராது.

முடியாது என்று போனை வைத்துவிட்டேன். அன்று பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை, நீ சொல்லித்தான் தெரியும். அவள் இப்போது இருக்கிறாளோ இல்லையோ. ஆனால் அவளைப் போல யாரையோ திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது உன் கோடு, உன் விதிக்கு நேர் எதிராக. என் வீம்புக்கு அவர்கள் ஏன் அலைய வேண்டும்? திரும்பக் கூப்பிட்டேன். நான் செய்து தருகிறேன், ஆனால் அதற்கு முன்னால், நீ அனுப்பிய அந்த ஒற்றை வரிக் கோப்பை அவன் தன் கையால் சேர்க்க வேண்டும் என்றேன். எது என்றான். அவனுக்கு நினைவே இல்லை. தேடிப் பார்க்கச் சொன்னேன். அவனுடைய ஒப்புதலுக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டனை அழுத்தினான். "ஆயிடுச்சுங்க, இவ்ளோதானா?" என்றான்.

இவ்வளவுதான். உன் வேலை, உன் அடுத்த வேலை, உன் ரோடு, எல்லாம் அந்த ஒரு அழுத்தலுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

நேற்று, அவர்கள் அனுப்பிய லேப்டாப்பில், யார் எழுதியது என்று காட்டும் அந்தக் கட்டளையை அடித்தேன். இந்த முறை கூடுதல் எழுத்து எதுவும் தேவைப்படவில்லை. மேலிருந்து கீழ் வரை உன் பெயர். நடுவில் அங்கங்கே என்னுடையதும் மற்றவர்களுடையதும். சுதர்சன் ஒரே ஓர் இடத்தில் இருந்தான், தலைப்பின் நிறத்தில். உன் அப்பாவிடம் நான் சொன்னது நேற்றுத்தான் முழுக்க உண்மையானது. சந்தோஷப்பட வேண்டும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. கோளாறு எளிதாகவே கிடைத்தது. போன முறை திருப்பி அனுப்பப்பட்டவர்களையும் தூரத்தையும் பார்க்கும் வரிகளை எவனோ அந்தப் புது நிபந்தனைக்குக் கீழே தள்ளியிருந்தான். உன் விதிப்படி மேலே ஏற்றி, சோதித்து, அனுப்பிவைத்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலையில் சுதர்சன் கூப்பிட்டான். இப்போது அங்கே ஒரு புது ஏற்பாடாம். ஒரு கோப்பில் யார் வரிகள் அதிகமோ, மாற்றத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை மென்பொருள் தானாகவே அவரிடம் கொடுத்துவிடும். நேற்றுவரை எல்லாம் அவனிடம்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது உன்னிடம் போயிருக்கிறது. உன்னை வேலையை விட்டு அனுப்பினார்களே தவிர உன் கணக்கை மூட யாருக்கும் தோன்றவில்லை. நான் திரையைத் திறந்து பார்த்தேன். நான் செய்த திருத்தத்துக்குக் கீழே உன் பெயர், பக்கத்தில் மஞ்சள் வட்டம், உன் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

"நீங்க கொஞ்சம் பேசி, லாகின் பண்ணி அப்ரூவ் மட்டும் குடுக்கச் சொல்றீங்களா? உங்க பேச்ச கேப்பாங்க" என்றான்.

"அவ செத்துட்டா சுதர்சன்" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. எப்போ என்றான். சொன்னேன். எப்படி என்றான். அதையும் சொன்னேன். ஐயோ ஸாரிங்க என்றான், அந்தத் திங்கட்கிழமை சொன்ன அதே குரலில். உண்மையாகவே வருத்தப்பட்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பிறகு கேட்டான்.

"அப்ப அப்ரூவல யாருக்கு மாத்துறது?"

என் பேருக்கு மாற்று என்றேன். உன் பெயரை அவன் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தான். அது திரையிலிருந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு நானே அழுத்தினேன்.

நாளைக்கு எந்த மையத்தில் எந்த மெஷின் நின்றாலும், தூரத்திலிருந்து வந்தவர்கள் உட்காருவார்கள். நீ இருந்திருந்தால் டீயில் பன்னைத் தோய்த்துக்கொண்டு, ஓடுது இல்ல, அது போதும்டி என்று சொல்லியிருப்பாய். எனக்குப் போதவில்லை.